ஆங்கிலக் கூட்டு வினைகளும் தமிழ்ப் பட்டியல்களும்

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் வினைகள் பல, ஒற்றைச் சொல்லாக நிற்பதில்லை. 'லுக்' என்றால் பார் என்று பொருள். அதனோடு 'அட்' சேர்ந்தால் ஒன்றை நோக்கிப் பார்த்தல், 'ஃபார்' சேர்ந்தால் தேடுதல், 'ஆஃப்டர்' சேர்ந்தால் பார்த்துக்கொள்ளுதல், 'இன்டு' சேர்ந்தால் விசாரித்தல். 'டவுன் ஆன்' என்று இரண்டு சொற்கள் சேர்ந்தால் ஒருவரை இழிவாக நினைத்தல். இவ்வாறு ஒரு வினைச்சொல்லும் அதைத் தொடரும் ஒன்றிரண்டு சிறு சொற்களும் இணைந்து ஒரே பொருளைத் தருவதைப் பள்ளி இலக்கணத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்பார்கள். தமிழில் இதற்குச் சொற்றொடர் வினை, கூட்டு வினை என ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. இக்கட்டுரை கூட்டு வினை என்ற பெயரையே ஆள்கிறது. அதற்கான காரணம் பின்னால் விளங்கும்.

இவற்றைத் தமிழ் மாணவருக்குக் கற்பிக்க நம்மிடம் உள்ள முறை ஏறத்தாழ ஒன்றுதான்: பட்டியல். தேர்வு வழிகாட்டி நூல்கள், குறுகிய நாட்களில் ஆங்கிலம் பேசக் கற்றுத்தருவதாகச் சொல்லும் மலிவு விலைப் புத்தகங்கள், கைபேசியில் பரவும் பாடப் படங்கள் ஆகிய எல்லாவற்றிலும் இடப்பக்கம் ஆங்கிலச் சொற்கள் அகர வரிசையில் நிற்கும். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச் சொல் இருக்கும். 'கிவ் அப்' கைவிடு, 'புட் ஆஃப்' தள்ளிப்போடு, 'டேக் ஆஃப்' புறப்படு. நூறு இருக்கலாம், ஐந்நூறு இருக்கலாம். மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்து, செய்தித்தாளின் தலையங்கத்தைத் தட்டுத் தடுமாறியாவது வாசித்துவிடும் மாணவர், இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் ஆங்கிலத்தைக் கேட்டால் திகைத்துப் போகிறார். அங்கே வரும் சொற்கள் 'கெட்', 'புட்', 'டேக்', 'கோ', 'கம்' போன்றவைதான். அத்தனையும் அவர் ஒன்றாம் வகுப்பில் படித்தவை. ஆனாலும் வாக்கியம் பிடிபடுவதில்லை. இந்த விசித்திரத்துக்குப் பட்டியல் முறைதான் பெரும் பொறுப்பு என்பது இக்கட்டுரையின் கருத்து. நம் மொழி நமக்கு ஏற்கெனவே தந்திருக்கும் ஒரு வசதியை அந்தப் பட்டியல் பயன்படுத்துவதே இல்லை.

பெயரும் பழைய கவலையும்

இந்த வினைகள் அயலாரை வருத்தும் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1755-இல் வெளியான தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன் இதைப் பற்றித் தனியே எழுதியிருக்கிறார். வினைக்குப் பின் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் வழக்கம் ஆங்கிலத்தில் மிகுதி என்றும், அயல்நாட்டார் அதிகம் இடர்ப்படுவது இங்கேதான் என்றும், அதனால் அவற்றைக் கவனமாகக் குறித்திருப்பதாகவும் அவர் சொல்கிறார். ஆனால் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் அவர் காலத்தில் இல்லை. லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் எழுதிய 'வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்' என்ற நூல்தான் அதைப் பரப்பியது. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி அந்தப் பெயரைத் தமக்குச் சொன்னதாக ஸ்மித் குறிப்பிடுகிறார்.

ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் இதே அமைப்பு வேறு வடிவில் இருக்கிறது. கைவிடு என்பதற்கு ஜெர்மன் சொல் 'அவுஃப்கேபென்'. 'அவுஃப்' என்பது 'அப்', 'கேபென்' என்பது 'கிவ்'. பகுதிகள் ஒன்றே, வரிசைதான் வேறு. அகராதியில் முன்னொட்டாக நிற்கும் 'அவுஃப்', எளிய வாக்கியத்தில் பிரிந்து கடைசிக்குப் போய்விடும். பழைய ஆங்கிலத்திலும் முன்னொட்டு வினைகள் நிறைய இருந்தன. காலப்போக்கில் சிறு சொல் வினைக்குப் பின்னால் வந்து நிலைத்துவிட்டது. பழைய வரிசையின் மிச்சம் இன்றும் சில சொற்களில் உண்டு. 'ஓவர்டேக்' என்றால் முந்திச் செல், 'டேக் ஓவர்' என்றால் பொறுப்பை ஏற்றுக்கொள். 'அப்ஹோல்ட்' என்றால் தீர்ப்பை உறுதிசெய்வது போல ஒன்றை நிலைநிறுத்துதல், 'ஹோல்ட் அப்' என்றால் தாமதப்படுத்துதல், சில இடங்களில் வழிப்பறி. ஒரே இரண்டு சொற்கள் முன்பின் மாறி நின்று வேறு வேறு வேலை பார்க்கின்றன.

பட்டியல் மறைப்பவை

பட்டியல் முதலில் மறைப்பது செயப்படுபொருளை. 'டேக் ஆஃப்' புறப்படு என்று படித்த மாணவர், 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' என்ற வாக்கியத்தைப் பார்த்தால் காலணிகள் எங்கே புறப்படுகின்றன என்று யோசிக்க வேண்டியதுதான். விமானம் 'டேக் ஆஃப்' ஆகும்போது அங்கே செயப்படுபொருள் இல்லை. காலணியை 'டேக் ஆஃப்' செய்யும்போது உண்டு. 'பிரேக் டவுன்' என்பதும் இப்படித்தான். வண்டி நடுவழியில் பழுதாகி நிற்பதும் அதுவே, கதவை உடைத்துத் தள்ளுவதும் அதுவே. தமிழில் கழன்றது வேறு, கழற்றினான் வேறு; உடைந்தது வேறு, உடைத்தான் வேறு. செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று நாம் பள்ளியிலேயே படிக்கிறோம். ஆங்கிலம் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் சொல்லின் வடிவில் காட்டுவதில்லை. ஆகவே ஒரு கூட்டு வினையைக் கற்பிக்கும்போது 'ஒருவரை', 'ஒன்றை', 'ஒன்றிலிருந்து' என்று அதன் அக்கம்பக்கத்தையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். ஆங்கிலத்திலேயே வெளியாகும் மாணவர் அகராதிகள் 'சம்ஒன்', 'சம்திங்' என்ற சொற்களை இடையில் இட்டு இதைச் செய்கின்றன. நம் பட்டியல்கள் அந்தச் சொற்களைத் தேவையற்றவை என்று வெட்டிவிடுகின்றன. இடம் மிச்சமாகிறது, பொருள் போய்விடுகிறது.

அடுத்தது இன்னும் முக்கியமானது. வினைக்குப் பின் வரும் எல்லாச் சிறு சொற்களையும் நம் நூல்கள் முன்னிடைச்சொல் என்றே அழைக்கின்றன. உண்மையில் இங்கே இரண்டு சாதிகள் உண்டு. ஒன்று, தன்னை அடுத்து வரும் பெயரோடு ஒட்டி நிற்பது. 'லுக் அட் தி பிக்சர்' என்பதில் 'அட்' படத்தோடு சேர்ந்தது. தமிழில் அது ஏறக்குறைய வேற்றுமை உருபின் வேலை. மற்றொன்று, வினையோடு ஒட்டி நிற்பது. 'டர்ன் ஆஃப் தி லைட்' என்பதில் 'ஆஃப்' விளக்கைச் சேர்ந்தது அன்று, 'டர்ன்' என்ற வினையைச் சேர்ந்தது. அது ஒரு வினையடை. 'ரன் அப் எ ஹில்' என்றால் குன்றின் மேல் ஏறி ஓடுதல், 'ரன் அப் எ பில்' என்றால் கடன் ஏறிக்கொண்டே போகும்படி செலவழித்தல். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன. முதலாவதில் 'அப் எ ஹில்' என்பது ஒரு துண்டு. இரண்டாவதில் 'ரன் அப்' என்பது ஒரு துண்டு.

இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. பெயருக்குப் பதில் 'இட்' என்ற சுட்டுப்பெயரை இட்டுப் பார்க்க வேண்டும். வினையோடு ஒட்டும் சிறு சொல்லானால் 'இட்' நடுவில் புகுந்துவிடும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்று ஆங்கிலம் பேசிப் பிறந்தவர் யாரும் சொல்வதில்லை. பெயரோடு ஒட்டும் சொல்லானால் 'இட்' கடைசியில்தான் வரும்: 'லுக் அட் இட்', 'லுக் ஆஃப்டர் இட்'. 'தி லைட்' போன்ற பெயர் வந்தால் 'டர்ன் ஆஃப் தி லைட்', 'டர்ன் தி லைட் ஆஃப்' இரண்டும் சரியே. பெயர் மிக நீண்டுபோனால் மட்டும் சிறு சொல் வினையை விட்டு நகராமல் பக்கத்திலேயே நின்றுகொள்ளும். ஒலிப்பிலும் வேறுபாடு கேட்கும். 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் அழுத்தம் 'ஆஃப்' மேல் விழுகிறது, 'லுக் அட் இட்' என்பதில் 'லுக்' மேல். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நம் காது இதற்குப் பழகியிருக்காது. ஒரு பாடவேளையில் சொல்லிக்கொடுத்துவிடக்கூடிய செய்தி இது. ஐந்நூறு வரிப் பட்டியலில் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

சிறு சொல்லுக்கும் பொருள் உண்டு

பட்டியல் முறையின் அடித்தளத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: கூட்டு வினையின் பொருளுக்கும் அதன் பகுதிகளுக்கும் தொடர்பே இல்லை, எனவே உருப்போடுவதைத் தவிர வழியில்லை என்பது. இதை மறுக்கும் ஆய்வுகள் அரை நூற்றாண்டாகவே இருக்கின்றன. டுவைட் போலிஞ்சர் 1971-இல் இவ்வினைகளைப் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். 1980களின் தொடக்கத்தில் சூசன் லிண்ட்னர் 'அப்', 'அவுட்' என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முழு ஆய்வேட்டையே எழுதினார். இந்தச் சிறு சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்றோடொன்று கிளைத்த சில பொருள்கள் உண்டு, அவை வினையின் பொருளோடு கூடி வேலை செய்கின்றன என்பது அவ்வாய்வு காட்டும் வழி.

'அப்' என்பதை எடுத்துக்கொள்வோம். மேலே என்பது அதன் நேர்ப்பொருள். மேலே போவது கூடுவதும்தான். ஆகவே 'ஸ்பீக் அப்' என்றால் உரக்கப் பேசு, 'ஸ்பீட் அப்' என்றால் வேகம் கூட்டு. பாத்திரத்தில் நீர் மேலே வந்துவிட்டால் நிறைந்துவிட்டது, வேலை முடிந்தது. அங்கிருந்து முற்றாக, மிச்சமின்றி என்ற பொருள் பிறக்கிறது: 'ஈட் அப்', 'டிரிங்க் அப்', 'யூஸ் அப்', 'டிரை அப்'. சாப்பிட்டு முடி, குடித்துவிடு, தீர்த்துவிடு, வற்றிப்போ. கிழித்தலோடும் வெட்டுதலோடும் சேரும்போது அதே முற்றுப்பொருள் துண்டு துண்டாக என்றாகிறது: 'டேர் அப்', 'கட் அப்'. தொலைவில் இருப்பவர் நெருங்க நெருங்க நம் கண்ணுக்கு உயர்ந்து தெரிகிறார். 'கம் அப்', 'டர்ன் அப்', 'ஷோ அப்' ஆகியவற்றில் வந்து சேர்தல், தோன்றுதல் என்ற பொருள் இருப்பதை இப்படி விளக்கலாம். ஒவ்வொரு கிளையும் வரலாற்றில் இதே வரிசையில்தான் முளைத்தது என்று இதற்கு அர்த்தமில்லை. நினைவில் பதிய இது போதும்.

'அவுட்' இன்னும் சுவையானது. 'தி ஸ்டார்ஸ் ஆர் அவுட்' என்றால் விண்மீன்கள் தெரிகின்றன. 'தி லைட்ஸ் ஆர் அவுட்' என்றால் விளக்குகள் அணைந்துவிட்டன. ஒரே சொல் தோன்றுதலையும் மறைதலையும் குறிக்கிறது. பட்டியல் போட்டால் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டால் தெளியும். மறைவிடத்திலிருந்து நம் பக்கம் வெளியே வந்தால் தெரிகிறது: 'ஃபைண்ட் அவுட்' கண்டுபிடி, 'பாயின்ட் அவுட்' சுட்டிக்காட்டு, புத்தகம் 'கம் அவுட்' ஆனால் வெளியாகிறது. நாம் இருக்கும் இடத்திலிருந்து வெளியே போனால் இல்லாமல் போகிறது: 'டை அவுட்' அழிந்துபோ, 'ரன் அவுட்' தீர்ந்துபோ, நெருப்பை 'புட் அவுட்' அணை.

இந்த விளக்கம் எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். 'கோ ஆஃப்' என்ற ஒன்றே போதும். விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் அணைகிறது, அலாரம் 'கோ ஆஃப்' ஆனால் ஒலிக்கிறது, குண்டு வெடிக்கிறது, பால் கெடுகிறது. நிலையிலிருந்து விலகுதல் என்ற பொதுப்பொருளைச் சொல்லி ஓரளவு சமாளிக்கலாம். அடங்கியிருந்தது விடுபட்டால் ஒலிக்கும் அல்லது வெடிக்கும், நல்ல நிலையிலிருந்து விலகினால் கெடும். ஆனால் இந்த விளக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பால் 'கோ ஆஃப்' ஆயிற்று என்று முதன்முதலாகக் கேட்பவரால் பொருளை ஊகித்துவிட முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. படிவத்தை 'ஃபில் இன்' செய்தாலும் 'ஃபில் அவுட்' செய்தாலும் நிரப்புதலே. காகிதம் எரிந்து போனால் 'பர்ன் அப்', வீடு எரிந்து விழுந்தால் 'பர்ன் டவுன்'. விளக்கத்தைக் கேட்டுப் பொருளை ஊகிக்க முடியாத இடங்களிலும், பொருளைத் தெரிந்துகொண்ட பிறகு விளக்கம் அதை மறக்காமல் வைத்திருக்க உதவுகிறது. அந்த அளவு பயனே போதும்.

காட்டிக்கொடுத்தலும் விட்டுக்கொடுத்தலும்

இனி கூட்டு வினை என்ற பெயருக்கு வருவோம். தமிழ் கற்கும் ஓர் அயல்நாட்டாரை நினைத்துப் பாருங்கள். காட்டு என்றால் காண்பித்தல், கொடு என்றால் அளித்தல் என்று படித்திருக்கிறார். காட்டிக்கொடு என்பதற்குத் துரோகம் செய் என்று பொருள் வருவது அவருக்கு எப்படி விளங்கும்? விட்டுக்கொடு என்பது இணங்கிப்போதல், சொல்லிக்கொடு என்பது கற்பித்தல், பார்த்துக்கொள் என்பது கவனித்துப் பேணுதல். நாம் யாரும் இவற்றைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யவில்லை. வாக்கியங்களில் கேட்டோம், வாய்க்கு வந்துவிட்டது. ஆங்கிலக் குழந்தைக்கு 'கிவ் இன்' எப்படி வந்ததோ அப்படியே தமிழ்க் குழந்தைக்கு விட்டுக்கொடு வந்தது.

ஒப்புமை இன்னும் ஆழமாகப் போகிறது. தமிழில் செய்து என்னும் வாய்பாட்டு எச்சத்தின் பின் வரும் துணைவினைகள் முதல்வினையின் பொருளைத் திருத்துகின்றன. எழுதினான் என்பது வெறும் செய்தி. எழுதிவிட்டான் என்றால் முடிந்தது. எழுதிவைத்தான் என்றால் பின்னால் பயன்படும் என்று செய்தது. எழுதிக்கொண்டான் என்றால் தனக்காகச் செய்தது. எழுதித் தள்ளினான் என்றால் அளவின்றிச் செய்தது, கொஞ்சம் கேலியும் உண்டு. எழுதித் தொலைத்தான் என்றால் சொல்பவரின் எரிச்சல் தெரிகிறது. ஆங்கிலத்தில் 'ரைட் டவுன்' என்பது எழுதிவை என்பதற்கு மிக அருகில் வருகிறது. 'ஈட் அப்' என்பதற்கு உண் என்று பொருள் எழுதும் பட்டியல், சாப்பிட்டுவிடு என்று எழுதியிருந்தால் மாணவருக்கு 'அப்' செய்யும் வேலை அப்போதே பிடிபட்டிருக்கும். சில இடங்களில் இரு மொழிகளும் வியப்பூட்டும் அளவுக்கு நெருங்குகின்றன. 'புட் ஆஃப்' தள்ளிப்போடு. 'புட் ஃபார்வர்ட்' முன்வை. 'செட் அசைட்' ஒதுக்கிவை. கதையை 'மேக் அப்' செய்தல் இட்டுக்கட்டுதல்.

வேறுபாடுகளும் உண்டு, அவற்றையும் மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும். தமிழில் முதல்வினை உறைந்து நிற்கும், காலமும் இடமும் துணைவினையில் ஏறும்: எழுதிவிட்டேன், எழுதிவிடுவாள். ஆங்கிலத்தில் நேர்மாறு, வினை உருமாறும், சிறு சொல் உறைந்து நிற்கும். தமிழின் துணைவினை ஒரு வினையாகப் பிறந்தது, ஆங்கிலத்தின் சிறு சொல் திசையைக் காட்டப் பிறந்தது. தமிழின் துணைவினை சொல்பவரின் மனநிலையையும் ஏந்திவரும், ஆங்கிலத்தின் சிறு சொல்லில் அது குறைவு. வந்து தொலை என்பதற்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல்லைத் தேடினால் கிடைக்காது.

1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இவ்வகைத் துணைவினைகளைத் தனிப் பதிவுகளாக எடுத்துக்கொண்டு, பொருள் பகுத்து, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு விளக்குகிறது. சொல்லைச் சேர்த்துச் சேர்த்துப் பட்டியல் போடாமல், விடு என்ற துணைவினை என்னென்ன செய்கிறது என்று கேட்கும் அணுகுமுறை அது. ஆங்கிலம் கற்பிக்கும் நம் வழிகாட்டி நூல்களில் 'அப்' என்ற சொல்லுக்கு இப்படி ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருப்பதைக் காண்பது அரிது.

நம் பேச்சில் ஏற்கெனவே இருப்பவை

கூட்டு வினைகள் தமிழருக்கு முற்றிலும் அந்நியம் என்பதும் சரியில்லை. ஃபேனை ஆன் பண்ணு, லைட்டை ஆஃப் பண்ணு என்று ஆங்கிலம் அறியாத பாட்டியும் சொல்கிறார். இதில் கவனிக்க வேண்டியது, ஆங்கிலத்தின் 'ஸ்விட்ச்', 'டர்ன்' ஆகிய வினைகளைத் தமிழ் கழற்றி எறிந்துவிட்டது, சிறு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டது, வினைக்குத் தன் சொந்தப் பண்ணு போதும் என்று முடிவு செய்துவிட்டது. பொருளின் சுமை எதில் இருக்கிறது என்பதை இலக்கண ஆசிரியர்களுக்கு முன்பே தெருவில் பேசும் தமிழ் கண்டுகொண்டிருக்கிறது. (அந்தப் பழக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் 'ஆஃப் தி லைட்' என்று சொன்னால் மட்டும் சிக்கல். ஆங்கிலத்துக்கு அங்கே வினை தேவை.)

செக்கப், மேக்கப், லாக்கப், செட்டப், பிரேக்கப், டேக் ஆஃப், லாக் டவுன் போன்றவையும் நம்மிடம் உண்டு. இவை எல்லாம் பெயர்ச்சொற்களாக வந்து சேர்ந்தவை. நாம் பண்ணு, ஆகு, போடு சேர்த்து வினையாக்கிக்கொள்கிறோம். இவற்றில் செட்டப் ஆங்கிலத்தில் இல்லாத ஏளனப் பொருளையும் தமிழில் சேர்த்துக்கொண்டது. படப்பிடிப்பு முடிந்தால் சொல்லும் பேக்கப்பும், கணினிக் கோப்புக்கு எடுக்கும் பேக்கப்பும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. ஆங்கிலத்தில் அவை வேறு வேறு வினைகள். மேக்கப் தெரிந்த மாணவருக்கு 'மேக் அப் யுவர் மைண்ட்' புரியாமல் போவதற்குக் காரணம், முகப்பூச்சு என்ற பெயரையும் ஒரு முடிவுக்கு வா என்ற வினையையும் யாரும் அவருக்கு இணைத்துக் காட்டாததுதான். கைபேசியிலோ 'லாக் இன்', 'லாக் அவுட்', 'சைன் அப்', 'ஷட் டவுன்' ஆகியவற்றை ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடப் பிழையின்றி வேறுபடுத்துகிறது. 'சைன் அப்' புதிதாகச் சேர்வது, 'சைன் இன்' சேர்ந்தவர் உள்ளே போவது. பட்டியல் இல்லாமல், பொத்தானை அழுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது.

பிழைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். இந்தியர் பலர் 'கோப் அப் வித்' என்கிறார்கள். 'கோப் வித்' என்பதே வழக்கு. 'கீப் அப் வித்', 'புட் அப் வித்', 'கேட்ச் அப் வித்' என்று ஒரே அச்சில் வார்த்த வினைகள் இருக்கும்போது மனம் நான்காவதையும் அதே அச்சில் வார்க்கிறது. மூளை பட்டியலாகச் சேமிக்காமல் அமைப்பாகச் சேமிக்கிறது என்பதற்கு இந்தப் பிழையைவிட நல்ல சான்று தேவையில்லை. 'டிஸ்கஸ் அபௌட்' என்பது வேறு வகை. ஒன்றைப் பற்றிப் பேசினோம் என்ற தமிழ் வாக்கியத்தின் 'பற்றி' அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. 'பாஸ் அவுட்' என்பதைப் பிழை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. இந்தியாவில் அது பட்டம் பெற்று வெளியேறுதல். பிரிட்டனிலும் படைப்பயிற்சி முடிப்பவர்களுக்கு அச்சொல் வழங்குகிறது. ஆனால் பொதுவாக ஆங்கிலம் பேசுவோருக்கு அது மயங்கி விழுதல். வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் 2015-இல் 'பாஸ் அவுட்' ஆனேன் என்று எழுதுபவர் இதைத் தெரிந்துகொண்டு எழுதுவது நல்லது.

ஒற்றைச் சொல்லால் நிரப்புக

தேர்வுகளில் இன்னொரு வழக்கம் உண்டு. கூட்டு வினையைக் கொடுத்து அதற்கு இணையான ஒற்றைச் சொல்லைக் கேட்பது, அல்லது திருப்பிக் கேட்பது. 'புட் ஆஃப்' என்றால் 'போஸ்ட்போன்', 'புட் அவுட்' என்றால் 'எக்ஸ்டிங்விஷ்', 'புட் அப் வித்' என்றால் 'டாலரேட்'. இந்த ஒற்றைச் சொற்கள் லத்தீனிலிருந்து, சில பிரெஞ்சு வழியாக, வந்தவை. நம் மாணவர் இவற்றைத்தான் நன்கு அறிவார், ஏனென்றால் பாடநூல் ஆங்கிலம் அவற்றால் ஆனது. ஆங்கிலேயர் வீட்டில் பேசும்போது அவற்றை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. தோசை கருகும் வாசனை வந்ததும் தீயை நிர்வாணமாக்கு என்று யாரும் கத்தமாட்டார்கள், அடுப்பை அணை என்பார்கள்; அப்படிப்பட்ட வேறுபாடு இது. தேர்வுத் தாள் இரண்டையும் சமமாக்கிவிடுகிறது.

பொருளிலும் அவை சமமில்லை. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-இல் பெனிசிலினை 'டிஸ்கவர்' செய்தார். அவர் அதை 'ஃபைண்ட் அவுட்' செய்தார் என்று ஆங்கிலத்தில் சொல்வதில்லை. 'ஃபைண்ட் அவுட்' என்பது ஒரு தகவலை அறிந்துகொள்வது: ரயில் எத்தனை மணிக்கு, யார் சொன்னது, ஏன் வரவில்லை. தமிழில் கண்டுபிடி என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வருவதால், பட்டியல் வழி வந்த மாணவர் இங்கே தடுக்கி விழுவது உறுதி.

குறைந்த சொற்களால் ஆங்கிலத்தை எளிதாக்கும் முயற்சி ஒன்றிலும் கூட்டு வினைகள் தம் வேலையைக் காட்டின. சி. கே. ஆக்டன் 1930-இல் 850 சொற்களே கொண்ட 'பேசிக் இங்கிலீஷ்' என்ற திட்டத்தை வெளியிட்டார். அதில் வினைகள் வெறும் 18. மற்ற வினைகளின் வேலையைக் 'கம்', 'கெட்', 'கிவ்', 'கோ', 'புட்', 'டேக்' போன்றவை திசைச் சொற்களோடு கூடிச் செய்ய வேண்டும். 'என்டர்' வேண்டாம், 'கோ இன்' போதும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதினெட்டும் திசைச் சொற்களும் கூடிப் பிறக்கும் சேர்க்கைகள் 850 என்ற கணக்கில் வருவதில்லை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்கு அவை இலவசம். மற்றவருக்கு ஒவ்வொன்றும் புதுச் சொல்.

எதை முதலில் படிப்பது என்பதற்கு ஓரளவு உறுதியான விடை இருக்கிறது. டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் இருவரும் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியச் சொல்திரட்டை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 20 வினைகளும் 8 சிறு சொற்களும் கூடும் சேர்க்கைகளே அத்திரட்டில் வரும் கூட்டு வினைகளில் பாதிக்கு மேல் என்பது அவர்கள் கண்டது. அகர வரிசைப் பட்டியலில் இந்த இருபதும் எட்டும் மற்றவற்றோடு கலந்து கிடக்கின்றன. அரிதாக வருவதும் நாள்தோறும் வருவதும் ஒரே வரிசையில், ஒரே எழுத்தளவில்.

எட்டுச் சிறு சொற்களுக்கு எட்டுப் பாடங்கள் எழுதலாம். 'அப்' பாடத்தில் உயர்தல், கூடுதல், முற்றுதல், வந்து சேர்தல் என்ற நான்கு கிளைகள். ஒவ்வொன்றிலும் நான்கைந்து வினைகள். ஒவ்வொரு வினைக்கும் செயப்படுபொருளோடு ஒரு முழு வாக்கியம், 'இட்' வைத்த இன்னொரு வாக்கியம். எதிரே தமிழில் பொருத்தமான துணைவினையோடு பெயர்ப்பு. கிளைகளில் அடங்காதவை கடைசியில் தனியே வரும். 'புட் அப் வித்' அங்கேதான் வரும். பொறுத்துக்கொள் என்று அதற்கு எதிரே எழுதிவிட்டு நகர வேண்டியதுதான். காட்டிக்கொடு என்பதற்கு ஏன் அந்தப் பொருள் என்று அயல்நாட்டு மாணவர் கேட்டால் நாமும் அதைத்தான் செய்வோம்.